மீன் நாற்றம் போகாத வண்டி

பஸ்ஸில் கண்டக்டராக இருந்த முப்பத்திரண்டு வருஷத்தில் நான் ஒருநாள்கூட ஸ்டீயரிங்கைப் பிடித்ததில்லை. டிரைவர் டீ குடிக்க இறங்கும்போது அவர் சீட்டில் துண்டு கிடக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன், அவ்வளவுதான். அறுபது வயது முடிந்து, மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிய பிறகும் காலை நாலரை மணிக்கு விழிப்பு வந்துகொண்டே இருந்தது. எழுந்து என்ன செய்வதென்று தெரியாது. அறந்தாங்கியில் எங்கள் தெருவை இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக அளந்துகொண்டிருப்பேன். மூன்று மாதம் அப்படியே போயிற்று.

நான்காவது மாதம் கோட்டைப்பட்டினத்தில் ஒரு கல்யாணம். என்னோடு வேலைபார்த்த டிரைவர் ஒருவரின் மகளுக்கு. சாப்பிட்டு முடித்த பிறகு பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் கடற்கரைப் பக்கம் நடந்தேன். ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் ஒரு பழைய பிக்கப் வண்டி நின்றது. வெள்ளையாக இருந்த வண்டி. இப்போது வெள்ளை எங்கே, துரு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. பின்கதவு ஒரு நைலான் கயிற்றில் தொங்கியது. டிரைவர் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. பழைய இரும்புக்காரர் ஒருவர் வண்டியை வெட்டுவதற்கு கேஸ் சிலிண்டரை இறக்கிக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் நின்றவரை எனக்குத் தெரியும். மீன் வியாபாரம் செய்யும் பாய், வாரம் இரண்டு முறையாவது என் பஸ்ஸில் ஏறியவர்.

"வாங்க கண்டக்டரே, கல்யாணத்துக்கா?"

"ஆமா பாய். இத ஒடைக்கப் போறீங்களா?"

"வேற என்ன செய்ய? எஃப்.சி. முடிஞ்சு ரெண்டு வருசம் ஆச்சு. உப்புத் தண்ணி தின்னுருச்சு. எஞ்சின் மட்டும் கல்லு மாதிரி இருக்கு."

"அப்ப ஓடுமா?"

"எஞ்சின் ஓடும். அதுக்கு மேல வண்டின்னு ஒண்ணு இருந்தாத்தானே நாம ஓட முடியும்?"

"இரும்பு வெலைக்கே எனக்குக் குடுத்துருங்க" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. கீரமங்கலத்துப் பக்கம் என் மச்சினன் மல்லிகை போட்டிருக்கிறான். தோட்டத்திலிருந்து பூவை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோக வண்டி கிடைக்கவில்லை என்று பார்க்கும்போதெல்லாம் புலம்புவான். அது மனதில் இருந்திருக்கலாம். காலை நாலரை மணிக்கு விழிக்கிறவனுக்குப் பூ வண்டி பொருத்தமான வேலைதானே என்று தோன்றியிருக்கலாம். இரும்புக்காரர் என்னை முறைத்துவிட்டு சிலிண்டரைத் திரும்ப ஏற்றினார்.

பாய் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "கோழி குஞ்சு பொரிக்கட்டும். பத்து நாள் கழிச்சு வந்து எடுத்துக்கங்க."

அந்தப் பத்து நாளும் நான் என் மனைவியிடம் வாயைத் திறக்கவில்லை.

வண்டி வந்ததே ஒரு ஊர்வலம். பிரேக் சரியாகப் பிடிக்காது என்பதால் ஒரு இரும்புப் பைப்பைக் குறுக்கே கட்டி டிராக்டரில் இழுத்து வந்தார்கள். ஸ்டீயரிங்கைப் பிடிக்க ஆள் வேண்டுமே என்று என்னை உள்ளே உட்காரவைத்தார்கள். என் வாழ்க்கையில் முதல்முதலாக டிரைவர் சீட்டில் உட்கார்ந்தது அன்றுதான். காலடியில் தகடு இல்லை. செருப்புக்குக் கீழே மீமிசல் ரோடு ஓடிக்கொண்டிருந்தது. ஆவுடையார்கோவிலில் கடைக்காரர் ஒருவர் கையைத் தட்டி, "கண்டக்டரே, புரமோஷனா?" என்று கத்தினார். சிரிக்கக்கூட முடியவில்லை. இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் ஒட்டிக்கொண்டிருந்தன.

வாசலில் வண்டி நின்றதும் என் மனைவி வெளியே வந்தாள். அவள் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறாள். உள்ளே அளவு கொடுக்க வந்த இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

"என்னங்க இது?"

"வண்டி."

"வண்டின்னு தெரியுது. என்ன நாத்தம் இது?"

"மீன் ஏத்துன வண்டி. கழுவுனா போயிரும்."

உள்ளேயிருந்த இருவரும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியேறினார்கள். அளவு எடுக்கவில்லை. மனைவி என்னைப் பார்த்தாள். முப்பது வருஷ மிச்சக் கோபமும் அந்தப் பார்வையில் இருந்தது. "இத இங்கேருந்து அங்கிட்டு நகத்துற வரைக்கும் என்கிட்ட பேசாதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். டிராக்டர்காரரைக் கெஞ்சி, தெருக்கோடியில் காலி மனையில் நின்ற புங்கமரத்தடிக்கு வண்டியைக் கொண்டுபோனேன்.

புதுக்கோட்டை ரோட்டில் ஒரு டிங்கரிங் பட்டறை இருக்கிறது. அதை நடத்துகிறவருக்கு நாற்பது வயதிருக்கும். வாய் அதிகம் பேசாது. புங்கமரத்தடிக்கு வந்து, பையிலிருந்து ஒரு சின்னச் சுத்தியலை எடுத்து வண்டியைத் தட்டிக்கொண்டே ஒரு சுற்று சுற்றினார். டாக்டர் நெஞ்சில் தட்டிப் பார்ப்பது போல. சில இடத்தில் டங் என்றது. பல இடத்தில் பொத் பொத் என்றது. ஓரிடத்தில் சத்தமே வரவில்லை, சுத்தியல் உள்ளே போய்விட்டது.

"அண்ணே, சேஸிஸ் தப்பிச்சிருச்சு. ரெண்டு எடத்துல பட்டை வச்சா போதும். மத்ததெல்லாம் போச்சு."

"மத்ததுன்னா?"

"தளம், சைடு, கதவு, கேபின் அடி. நெறைய வேலை கெடக்கு. யோசிச்சுக்கங்க."

யோசித்தால் விட்டுவிடுவேன் என்று தெரியும். அதனால் யோசிக்கவில்லை. மெக்கானிக் ஒருவர் வந்து எஞ்சினை ஒருநாள் பார்த்தார். டீசல் குழாய்களை மாற்றி, புது பேட்டரி வைத்ததும் நாலாவது முயற்சியில் எஞ்சின் உறுமியது. பாய் பொய் சொல்லவில்லை. பிரேக் வேலையையும் மெக்கானிக்கே முடித்தார். அதன்பிறகு வண்டி தானாகவே பட்டறைக்குப் போயிற்று, மெக்கானிக் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து.

பட்டறையில் முதல்நாள் வெல்டிங் நடந்தபோது ஒரு விஷயம் நடந்தது. வண்டியின் பக்கச் சுவரில் உள்தகடு ஒன்று, வெளித்தகடு ஒன்று என்று இரண்டு அடுக்கு. டிங்கர் துருப்பிடித்த ஓரத்தை வெட்டிப் புதுத் தகட்டை வைத்து ஒட்ட ஆரம்பித்தார். தகடு சூடேறியதும் புகை வந்தது. புகையோடு மீன் வறுக்கும் வாசனை. கொஞ்ச நேரத்தில் எதிர்ச் சுவர்மேல் ஒரு பூனை வந்து உட்கார்ந்தது. அப்புறம் இன்னொன்று. மதியத்துக்குள் ஏழு பூனைகள். பக்கத்து டயர் கடைக்காரர் எட்டிப்பார்த்து, "என்னண்ணே, இன்னைக்கு மீன் கொழம்பா?" என்றார். எதற்கும் சிரிக்காத டிங்கர் அன்று முகமூடியைத் தூக்கிவிட்டுச் சிரித்தார்.

பிறகுதான் விஷயம் புரிந்தது. இரண்டு தகட்டுக்கும் நடுவே பல வருஷத்துச் செதிலும் மணலும் உப்புச் சேறும் சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடந்தன. துரு வெளியிலிருந்து வரவில்லை. உள்ளே ஈரம் தேங்கி, அங்கிருந்து தின்றுகொண்டு வந்திருக்கிறது. உள்தகட்டைக் கழற்றாமல் எதைச் செய்தாலும் ஒரு வருஷம் தாங்காது என்றார் அவர். கழற்றினோம். மூன்று வாளி சுரண்டி எடுத்தேன்.

துரு சுரண்டும் வேலையை நானே செய்கிறேன் என்று சொல்லியிருந்தேன். கம்பி பிரஷ், உப்புத்தாள், ஒரு பழைய உளி. காலையில் போவேன், இருட்டுவதற்குள் வருவேன். தலைமுடி, மீசை, காதுமடல் எல்லாம் செம்மண் நிறமாகிவிடும். மனைவி வீட்டுக்குள் விடமாட்டாள். கிணற்றடியிலேயே சோப்பும் துண்டும் இருக்கும். சோறு மட்டும் சூடாக இருக்கும். பேச்சு இருக்காது.

ஒருநாள் மதியம் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு அவளே பட்டறைக்கு வந்தாள். நான் தேய்ப்பதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"இப்படித் தடவிக் குடுத்தா துரு போகுமா? பாத்திரம் வெளக்கியிருந்தாத்தானே தெரியும். தள்ளுங்க."

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு என் கையிலிருந்த பிரஷைப் பிடுங்கினாள். ஒரே திசையில், அழுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக. அரை மணி நேரத்தில் உள்ளங்கையளவு இடம் வெள்ளி மாதிரி ஆகிவிட்டது. விரலால் தொட்டுப் பார்த்தாள். அவளுக்கே அது பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன். மறுநாள் தைக்கவேண்டிய ஜாக்கெட்டுகளைக் காலையிலேயே முடித்துவிட்டு மதியம் வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். இடது பக்கம் முழுக்க அவள் சுரண்டியதுதான். அதில் ரெட் ஆக்சைடு பெயிண்ட் அடித்தபோது டிங்கர் என்னைக் கூப்பிட்டு, "அண்ணே, லெஃப்ட் சைடு மாதிரி ரைட் சைடும் வேணும்" என்றார். வலது பக்கம் நான் சுரண்டியது.

அந்த நாட்களிலேயே டிரைவிங் ஸ்கூலிலும் சேர்ந்தேன். கூடப் படித்தவர்களில் பாதிப்பேர் இருபது வயதுக்காரர்கள். கியர் போடுவது எனக்கு உடனே வந்தது, சத்தத்தை வைத்தே எப்போது மாற்றவேண்டும் என்று தெரியும். முப்பத்திரண்டு வருஷம் அதைத்தானே கேட்டேன். ரிவர்ஸ்தான் வரவில்லை. பஸ் பின்னால் வரும்போது நான் கீழே நின்று 'வா, வா' என்று தட்டிப் பழகியவன். இப்போது யாரும் தட்டாமல் நானே வரவேண்டும். முதல் டெஸ்டில் ரிவர்ஸில் கம்பத்தைச் சாய்த்தேன். இரண்டாவது டெஸ்டில் லைசென்ஸ் வாங்கினேன்.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் வண்டி தயாராகிவிட்டது. வெளிர்நீலம் மனைவி தேர்ந்தெடுத்த நிறம். சீட்டுக்கு உறையும் தார்ப்பாய்க்கு ஓரமும் அவளே தைத்தாள். எஃப்.சி. காட்ட ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போனபோது அதிகாரி சுற்றிப்பார்த்து, தட்டிப்பார்த்து, ஒரு லைட்டை மட்டும் மாற்றச்சொல்லி, பாஸ் போட்டார். அன்று வீட்டில் கேசரி.

மீதியிருந்தது நாற்றம். சுண்ணாம்பு அடித்தோம். பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றினோம். புளித்தண்ணீர், எலுமிச்சை, சாம்பிராணி எல்லாம் ஆயிற்று. எங்களுக்குப் போய்விட்டது போலத்தான் தோன்றியது. தினமும் அதிலேயே கிடந்த மூக்கு அப்படித்தான் சொல்லும்.

மச்சினன் தோட்டத்து மல்லிகையை ஏற்றிக்கொண்டு நான், மனைவி, மச்சினன் மூவரும் கீரமங்கலம் பூ மார்க்கெட்டுக்குப் போனோம். அதுதான் முதல் லோடு. கமிஷன் கடைக்காரர் ஒரு மூட்டையை அவிழ்த்தார். கை நிறையப் பூவை அள்ளி முகர்ந்தவர் அப்படியே நின்றார். பிறகு வண்டியின் பக்கம் வந்து குனிந்து முகர்ந்தார்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. இதுக்கு முன்னாடி இதுல என்ன ஏத்துனீங்க?"

சொன்னேன்.

"மல்லி எந்த வாடையையும் இழுத்துக்கும்ணே. சாமிக்குப் போற பூ. வேணாம். வண்டியக் கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளி நிறுத்திக்கிறீங்களா? மத்த யாவாரிங்க மொணங்குறாங்க."

கோபமாகச் சொல்லவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் சுற்றியிருந்தவர்கள் விலகி நின்றார்கள். ஒரு பெண் என்னைப் பார்த்துக்கொண்டே முந்தானையை மூக்கருகே கொண்டுபோனாள். மச்சினன் மூட்டைகளை இறக்கி வேறொருவரின் வண்டியில் வைத்தான். காலி வண்டியைத் திருப்பிக்கொண்டு நானும் மனைவியும் கிளம்பினோம்.

பாதி வழியில் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினேன்.  அவள், "விடுங்க, தேங்கா ஏத்தலாம், செங்கல் ஏத்தலாம்" என்றாள். நான் நினைத்துக்கொண்டிருந்தது அது இல்லை. இத்தனை வருஷம் அவளிடம்கூடச் சொல்லாத ஒன்றை அன்று சொன்னேன்.

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு மதியம். அன்னக்கூடை நிறைய மீனோடு ஒரு பெண் மீமிசலில் என் பஸ்ஸில் ஏறினாள். என் அக்கா வயதிருக்கும். கூட்டம். கூடையிலிருந்து வழிந்த தண்ணீர், பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மாவின் காலடிக்குப் போய்விட்டது. நாலைந்து பேர் சத்தம் போட்டார்கள். நான் விசில் கொடுத்து பஸ்ஸை நிறுத்தினேன். இரண்டு பக்கமும் பொட்டல். "அடுத்த ஸ்டாப்புலயாவது எறக்கிவிடுங்க தம்பி, இங்க நெழலே இல்லையே" என்றாள். "எறங்கு" என்றேன். கூடையை நானே தூக்கிக் கீழே வைத்தேன். பஸ் நகர்ந்தபோது பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தலையில் போட்டிருந்த துணியை எடுத்து மீனுக்கு மேல் மூடிக்கொண்டிருந்தாள். வெறுந்தலையோடு வெயிலில் நின்றாள்.

மனைவி என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள். "அன்னைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்."

"நான்தானே பரிமாறியிருப்பேன்" என்றாள். அப்புறம், "வண்டிய எடுங்க" என்றாள்.

இரண்டு நாள் கழித்துக் கோட்டைப்பட்டினத்துக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு தனியாகப் போனேன். பாய் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். கதவைத் திறந்து மூடினார். "மாஷா அல்லா, இது என் வண்டியா?" என்றார். பூ மார்க்கெட் கதையைச் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை.

"கண்டக்டரே, மீன் வண்டிக்கு மீனுதான் ஏத்தணும். இங்க கூடைக்காரப் பொம்பளைங்க பத்துப் பன்னெண்டு பேரு இருக்காங்க. பொம்பளைங்களுக்கு இப்ப பஸ்ஸுல காசே கெடையாது. ஆனா கூடைய ஏத்த மாட்டேங்குறாங்க. ஷேர் ஆட்டோக்காரன் வாரேன்னு சொல்லிட்டு வாரதே இல்ல. மீன் இங்கயே கெடந்து அழிஞ்சு போகுது. நீங்க கூடைய மட்டும் கொண்டுபோய்க் குடுங்களேன். அவங்க பஸ்ஸுல வந்துக்குவாங்க."

மீன் ஏலம் நடக்கும் இடத்துக்கு என்னை அழைத்துப்போய், கூடை ஏற்றும் யோசனையைப் பெண்களிடம் சொன்னார். அங்கே நண்டையும் சூடை மீனையும் பிரித்துக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவே ஒரு முகம். தலை நரைத்திருந்தது. ஆனால் தெரிந்துவிட்டது, அன்று நான் பொட்டலில் இறக்கிவிட்ட பெண். அவளேதானா, அவளைப் போன்ற இன்னொருத்தியா என்று சந்தேகம் வராமல் இருக்க நான் நெருங்கிப் போய்ப் பார்த்தேன். அவர்தான். பக்கத்தில் போய் நின்று விஷயத்தைச் சொன்னேன். பஸ், கூட்டம், பொட்டல், வெயில்.

அவர் கையில் மீனோடு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்களா? தெரியலையே. எத்தன கண்டக்டரு, எத்தன தடவ. ஒவ்வொருத்தர் மூஞ்சியையும் எங்க ஞாபகம் வச்சுக்கிட்டிருக்க?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் இத்தனை வருஷம் சுமந்தது அவருக்கு ஒரு சாதாரண நாள். "மன்னிச்சிருங்கக்கா" என்றேன். "அது கெடக்கட்டும்" என்று அவர் மீனைக் கூடையில் போட்டார். "கூடைய ஏத்துவீங்களாமே, பாய் சொன்னாரு. என் கூடை மேல இன்னொரு கூடைய அடுக்கக் கூடாது. நண்டு நசுங்கிரும். அதுக்கு வழியிருக்கா?"

அதற்கு வழி செய்யத் திரும்பவும் பட்டறைக்குப் போனேன். கூடைகள் தனித்தனியாக உட்கார இரண்டு தட்டு இரும்புச் சட்டம் வைத்தோம். தளத்தைக் கொஞ்சம் சாய்வாக்கி, வழியும் தண்ணீர் ஒரு குழாய் வழியாக அடியில் கட்டிய கேனுக்குப் போகும்படி செய்தோம். ரோட்டில் யார் காலிலும் சொட்டக் கூடாது. பக்கச் சுவரில் மறுபடி பொருத்தியிருந்த உள்தகட்டையும் எடுத்துவிட்டோம். ஒற்றைத் தகடு, கழுவினால் உடனே காயும். டிங்கர் இந்த முறை தானாகவே பேசினார். "இது மொதல்லயே தெரிஞ்சிருந்தா சுண்ணாம்புச் செலவு மிச்சம்ணே."

முதல்நாள் காலை ஒன்பது கூடைகள் ஏறின. எந்தக் கூடை யாருடையது என்று தெரிய ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு நிறத் துணி. என் மனைவி வெட்டுத்துணியில் தைத்துக் கொடுத்தது. பஸ் எத்தனை மணிக்கு எந்த ஸ்டாப்புக்கு வரும், எங்கே ஐந்து நிமிஷம் நிற்கும், எங்கே நிற்காமல் போகும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். பஸ்ஸுக்கு இரண்டு நிமிஷம் முன்னால் போய்க் கூடையை மர நிழலில் இறக்கி வைத்துவிட்டு நிற்பேன். பஸ் வரும். வெறுங்கையோடு, முகம் கழுவிப் பவுடர் போட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து வந்த பெண் இறங்குவாள். கூடையைத் தலையில் ஏற்றிவிடுவேன். அடுத்த ஸ்டாப்.

அன்று ஒரு தப்பும் நடந்தது. பச்சைத்துணிக் கூடையை ஒரு ஸ்டாப் தள்ளி இறக்கிவிட்டேன். அந்தப் பெண் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். திரும்பிப் போய் எடுத்துவந்தபோது, "முப்பது வருசமா ஸ்டாப்பு சொன்னவரு நீங்கதானா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். மற்றபடி மதியத்துக்குள் எல்லாக் கூடைகளும் காலியாகியிருந்தன.

ஒரு வருஷம் ஆகப்போகிறது. தினமும் வண்டியை நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் கதவைத் திறந்துபோட்டுக் காயவைக்கிறேன். எங்காவது பெயிண்ட் பொரிந்திருந்தால் மனைவி எனக்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிடுகிறாள். நாற்றம் இருக்கிறது. தெருவில் யாரும் இப்போது அதைப்பற்றிப் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எதிர்வீட்டு அம்மா, "நண்டு வந்துச்சா?" என்று கேட்கிறார்.

போன வாரம் புதிதாக இரண்டு பெண்கள் சேர்ந்தார்கள். அவர்கள் விற்கப்போகும் ஊருக்கு பஸ் உள்ளே போவதில்லை. மெயின்ரோட்டிலிருந்து கண்மாய்க்கரை வழியாக ஒரு மண்பாதை. வண்டி போகுமா என்று பார்க்க நானும் மனைவியும் நேற்று மதியம் போனோம். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் சாய்ந்து கண்ணாடியை உரசியது. நடுவில் ஒரு பள்ளத்தில் மழைத்தண்ணீர் நின்றது. எவ்வளவு ஆழம் என்று தெரியவில்லை. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் கதவைத் திறந்து இறங்கினாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, புடவையை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்து, தண்ணீருக்குள் நடந்தாள். நடுவில் கெண்டைக்காலுக்கு மேல் ஏறவில்லை. அக்கரையில் ஏறித் திரும்பி நின்று செருப்புக் கையை ஆட்டினாள்.

"வரலாம், வாங்க. எடது பக்கமா வாங்க."

முதல் கியரில் போட்டு இறக்கினேன்.